கட்டளையிட ஆளில்லாத இடத்தில் பிறந்த சட்டம்

டெபியன் அல்லது உபுண்டு ஓடும் கணினியில் மென்பொருள்களைப் புதுப்பிக்கும்போது சில சமயம் வேலை பாதியில் நின்று, திரையில் ஒரு கேள்வி வரும். இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், மென்பொருள் பொதியைத் தருபவரும் இப்போது புதிய பிரதி ஒன்றைத் தந்திருக்கிறார், என்ன செய்யட்டும்? புதியதை எடுத்துக்கொள்ளலாம், உங்களுடையதை வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பார்க்கலாம். எதையும் தேர்ந்தெடுக்காமல் என்டர் விசையைத் தட்டினால் உங்கள் கைபட்ட கோப்பு அப்படியே இருக்கும்.

நள்ளிரவில் சர்வரைப் புதுப்பிக்கிறவருக்கு இது எரிச்சலூட்டும் கேள்வி. ஆனால் கணினிக்குச் சொந்தக்காரர் செய்த மாற்றத்தை எந்தப் பொதியும் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று ஒரு நூலில் எழுதியிருக்கிறது. டெபியன் பாலிசி மேனுவல் என்பது அதன் பெயர். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் 69,830க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. அத்தனையும் இந்த நூலின் கீழ்தான் வருகின்றன. அவற்றைச் செய்தவர்கள் உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள். டெபியன் அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. விதியை மீறினால் வேலையிலிருந்து நீக்க மேலாளரும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் சட்டம் எப்படிப் பிறந்தது, அதைவிட முக்கியமாக எப்படிப் பிழைத்தது என்பதுதான் இந்தக் கதை.

இரண்டு இயன்கள்

1993இல் லினக்ஸுக்கு இரண்டு வயது. இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருவை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. எழுத ஒரு நிரல், அஞ்சல் அனுப்ப ஒன்று, அச்சிட ஒன்று என்று நூற்றுக்கணக்கான மென்பொருள்களைப் பல இடங்களிலிருந்து திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சேர்த்துத் தர வேண்டும். அப்படிச் சேர்த்துத் தருவதைத்தான் லினக்ஸ் வழங்கல் என்கிறார்கள். அன்று பலரும் பயன்படுத்திய வழங்கல் எஸ்எல்எஸ். அதில் வழுக்கள் மலிந்திருந்தன, கவனிப்பாரும் இல்லை என்பது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக்கின் குறை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று தானே ஒரு வழங்கலைத் தொடங்குவதாக அறிவித்தார். டெப்ரா என்ற தோழியின் பெயரோடு தன் பெயரையும் கோத்து அதற்கு டெபியன் என்று பெயர் வைத்தார்.

எல்லாவற்றையும் ஒரே ஆள் கட்டித் தருகிற முறையை மர்டாக் கைவிட்டார். ஒவ்வொரு மென்பொருளும் தனிப் பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர். நிரல், அதன் அமைப்புக் கோப்புகள், அது ஓட வேறு எவையெல்லாம் தேவை என்ற குறிப்பு, நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய சிறு நிரல்கள் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கியதுதான் பொதி. அதைப் பிரித்து நிறுவ டிபிகேஜி என்ற கருவி வந்தது. மர்டாக் ஷெல் நிரலாகத் தொடங்கியதை அவரும் வேறு சிலரும் சேர்ந்து பெர்லுக்கு மாற்றினார்கள். பிறகு இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் ஜாக்சன் சி மொழியில் அதைப் பெரும்பாலும் புதிதாகவே எழுதினார். தொடக்கத்தில் பார்த்த அந்தக் கேள்வியைக் கேட்பது இந்த டிபிகேஜிதான்.

பிரித்துக் கொடுத்ததில் வேகம் கிடைத்தது. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. பொதிக்குள் இருக்கும் அந்தச் சிறு நிரல்கள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுபவை. எங்கோ இருக்கும் முகம் தெரியாத பராமரிப்பாளர் எழுதிய நான்கு வரி, உங்கள் கணினியில் எதையும் செய்யலாம். அவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பொதிக்காரர் என்ன செய்கிறார் என்று தெரியாதவராக இருந்தாலே போதும்.

தனித்தனியே சரி, சேர்ந்தால் தப்பு

மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். வருகிற கடிதத்தை அஞ்சல் பெட்டியில் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு நிரல். பெட்டியைத் திறந்து படிக்கவும் படித்ததை நீக்கவும் வேறொரு நிரல். பழைய யூனிக்ஸ் வழக்கப்படி, ஒருவருடைய பெட்டி என்பது ஒரே ஒரு கோப்பு. இரண்டு நிரல்களும் ஒரே நொடியில் அதில் எழுதினால் கடிதங்கள் சிதையும். ஆகவே எழுதுவதற்கு முன் கோப்பைப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருந்தன. சில நிரல்கள் இயங்குதளத்திடம் சொல்லிப் பூட்டின. வேறு சில, பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை உருவாக்கி அதையே பூட்டாகக் கருதின. கொண்டுவருகிறவர் ஒரு பூட்டையும் படிக்கிறவர் இன்னொரு பூட்டையும் போட்டால், இருவரும் பூட்டியதாகவே நினைப்பார்கள். பெட்டி திறந்தே கிடக்கும்.

இதில் யார்மேல் வழு பதிவது? இரண்டு பொதிகளும் தனித்தனியே சோதித்தால் குறையில்லாதவை. இரண்டும் சந்திக்கிற இடத்துக்குத்தான் சொந்தக்காரர் இல்லை. டெபியனின் விதி இப்படி முடிவு கட்டியது: அஞ்சல் பெட்டியைத் தொடும் எந்தப் பொதியும் இரண்டு பூட்டுகளையும் போட வேண்டும், முதலில் இயங்குதளப் பூட்டு, அடுத்து கோப்புப் பூட்டு. வரிசையையும் ஏன் சொல்ல வேண்டும்? ஒருவர் முதல் பூட்டைப் போட்டுவிட்டு இரண்டாவதற்கும், மற்றவர் இரண்டாவதைப் போட்டுவிட்டு முதலாவதற்கும் காத்திருந்தால் இருவரும் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

பாலிசி நூலின் பல விதிகள் இந்த ரகம். ஒரே நேரத்தில் இரண்டு அஞ்சல் சேவை நிரல்கள் இருக்கக் கூடாது. ஆனால் எது இருந்தாலும் ‘சென்ட்மெயில்’ என்ற அதே பெயரில், அதே இடத்தில் கூப்பிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். எந்த நிரல் நல்லது, எது கெட்டது என்று நூல் சொல்லாது. நிரல்கள் உரசும் இடங்களைப் பற்றியே அது பேசுகிறது.

1996: எழுத்தில் வருகிறது

1996 ஜூனில் வந்த டெபியன் 1.1இல் 474 பொதிகள் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 1.2இல் அது 848 ஆனது. பராமரிப்பாளர்கள் 120 பேர். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த காலம் முடிந்துகொண்டிருந்தது. வாய்மொழியாகவும் கடிதங்களிலும் இருந்த வழக்கங்களை எழுதி வைக்கும் வேலையை 1996இல் இயன் ஜாக்சன் செய்தார். அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று டேவிட் மோரிஸ் அதைத் திருத்தினார். 1997 மார்ச்சில் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ் புதிய பகுதிகளைச் சேர்த்தார். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நூல் முழுவதையும் அவரே மறுசீரமைத்தார். அதே ஜூலையில்தான் டெபியனின் சமூக ஒப்பந்தமும் ஏற்கப்பட்டது. எது கட்டற்ற மென்பொருள் என்பதை வரையறுத்தது ஒப்பந்தம். அந்த மென்பொருளை எப்படிக் கட்டித் தர வேண்டும் என்பதைச் சொன்னது பாலிசி.

நூலில் உள்ள விதிகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சில கட்டாயம், மீறினால் அது கடுமையான வழு, சரிசெய்யாத பொதி அடுத்த வெளியீட்டில் இடம்பெறாது. ஒவ்வொரு பொதியோடும் அதன் காப்புரிமை, உரிமம் பற்றிய கோப்பு வர வேண்டும் என்பது அந்த வகை. சில, செய்தாக வேண்டியவைதான், ஆனால் செய்யாததற்காகப் பொதியை வெளியே தள்ள மாட்டார்கள். ஒவ்வொரு நிரலுக்கும் கையேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அப்படி. மீதி, விரும்பினால் செய்யலாம்.

இவற்றோடு ஒரு நுட்பமும் இருந்தது. ஒவ்வொரு பொதியின் மூலத்திலும் ஒரு வரி உண்டு: இந்தப் பொதியை நூலின் எந்தப் பதிப்போடு கடைசியாக ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று பராமரிப்பாளர் அதில் எழுதுகிறார். நூல் மாறியவுடன் ஆயிரக்கணக்கான பொதிகள் ஒரே இரவில் குற்றவாளிகள் ஆகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது என்ற பட்டியல் நூலின் பின்னிணைப்பில் இருக்கிறது. பராமரிப்பாளர் தான் விட்ட இடத்திலிருந்து பட்டியலைப் படித்து, வேண்டியதைத் திருத்தி, அந்த வரியில் எண்ணை உயர்த்துவார். யார் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பது வெளியே எல்லாருக்கும் தெரியும். அதற்குமேல் வற்புறுத்தல் கிடையாது.

யாருடைய நூல்?

ஒருவர் எழுதிய விதிக்கு நானூறு பேர் ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வி விரைவிலேயே வந்தது. 1998இல் மனோஜ் ஸ்ரீவஸ்தவா வகுத்த நடைமுறை அதற்கு விடை தந்தது. நூலில் மாற்றம் வேண்டும் என்று டெபியனில் யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். மற்ற உறுப்பினர்கள் வழிமொழிய வேண்டும். எல்லாருக்கும் முன்னால் விவாதம் நடக்கும். கருத்து ஒன்றுபட்டால் நூலில் ஏறும். அன்றிலிருந்து நூலைத் தொகுப்பவர்கள் உண்டு, ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. காப்புரிமைப் பக்கத்திலேயே இரண்டு பேரின் பெயர்களுக்குப் பிறகு ஒரு குழுவின் பெயர் வந்துவிட்டது. இன்னொன்றும் செய்தார்கள். நூலையே ஒரு டெபியன் பொதியாக்கினார்கள். விதி தவறு என்று நினைத்தால், மற்ற மென்பொருளின்மேல் பதிவதைப் போலவே நூலின்மேலும் வழு பதியலாம்.

அதே 1998 டிசம்பரில் டெபியனுக்கு ஓர் அரசியல் சாசனமும் ஏற்கப்பட்டது. திட்டத்துக்காக எந்த வேலையையும் செய்ய வேண்டும் என்று எவரையும் இந்தச் சாசனம் கட்டாயப்படுத்தாது என்கிறது அதன் பொது விதி. ஆனால் முறையாக எடுத்த முடிவுகளுக்கு எதிராக யாரும் வேலை செய்யவும் கூடாது. பாலிசி நூல் எந்த அளவுக்குப் போகலாம் என்பது இங்கே தெளிவாகிறது. ‘நீ இதைச் செய்’ என்று அதனால் எந்த மனிதரிடமும் சொல்ல முடியாது. ‘இந்தப் பொதி இப்படி இருந்தால் உள்ளே வராது’ என்று மட்டும் சொல்லலாம். விதி கட்டுவது பொதியை, மனிதரை அல்ல.

இதனால் நூலுக்கு ஒரு பழக்கமும் படிந்தது. புதிய வழியை அது கண்டுபிடிப்பதில்லை. சிலர் செய்து பார்த்து, பொதிகளில் பரவி, வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே அது விதியாகிறது. யாரும் செய்யாத ஒன்றை விதியாக எழுதிவிட்டால் அதைச் செய்யவைக்க ஆளில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

லிண்டியன்

1998 ஜூலையில் வந்த டெபியன் 2.0இல் 1,500க்கும் மேற்பட்ட பொதிகள். 400க்கும் மேற்பட்ட பராமரிப்பாளர்கள். நூலோ தடித்துக்கொண்டே போனது. மாலையில் அலுவலகம் முடிந்து வந்து, கிடைத்த ஒரு மணி நேரத்தில் பொதி கட்டுகிறவர் அதை முழுக்க மனத்தில் வைத்திருக்க முடியாது. பிடிபட்ட தவறுகளே புதிய பொதிகளில் திரும்பத் திரும்ப வந்தன. ஒருவர் மற்றவரின் பொதியைப் பார்த்துக் குறை சொன்னால் அது மனக்கசப்பில் முடிவதும் உண்டு.

நூலை மறுசீரமைத்த கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸே, ரிச்சர்ட் பிராக்மனோடு சேர்ந்து 1998இல் லிண்டியனை எழுதினார். பெர்லில் எழுதிய அந்த நிரல் பொதியை ஓட்டிப் பார்ப்பதில்லை. பிரித்து, உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் பார்க்கிறது. காப்புரிமைக் கோப்பு இருக்கிறதா? கோப்புகள் உரிய அடைவுகளில் இருக்கின்றனவா? ஒவ்வொரு நிரலுக்கும் கையேட்டுப் பக்கம் உண்டா? நிறுவும் நிரலில் தெரிந்த தவறு ஏதும் இருக்கிறதா? கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்கு முன்னால் அதன் கடுமை: பிழை, எச்சரிக்கை, தகவல், அதற்கும் கீழே, நுணுக்கம் பார்ப்பவர்களுக்கென்று ஒரு வகை. விளக்கம் கேட்டால், ஏன் இது குறை, பாலிசியில் எங்கே இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று சொல்லும். டெபியனின் பொதிக் கிடங்கில் இருந்த எல்லாப் பொதிகளையும் அதன் வழியாக ஓட்டி, முடிவுகளைப் பராமரிப்பாளர் வாரியாகப் பொதுவில் வைத்தார்கள்.

ஒரு சக தன்னார்வலர் ‘உங்கள் பொதியில் பதினொரு தவறு’ என்று சொன்னால் அதில் அதிகாரத்தின் வாடை அடிக்கும். அதையே எல்லாருடைய பொதியிலும் ஒரே மாதிரி தேடுகிற நிரல் சொன்னால், அனுப்புவதற்கு முன் தானே ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட்டுப் போய்விடலாம். கண்டிப்பு அப்படியே இருந்தது. கண்டிக்கிறவர்தான் நடுவிலிருந்து விலகினார்.

லிண்டியன் தவறும் என்பதை அதை எழுதியவர்கள் மறைக்கவில்லை. அதன் தேடல்கள் பலவும் ஊகங்கள்தான். அதனால் விலக்குக்கு வழி வைத்தார்கள். ‘இந்த இடத்தில் இந்தக் குறை பொருந்தாது’ என்று பராமரிப்பாளர் பொதிக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதலாம். காரணத்தையும் சேர்த்து எழுதுவது வழக்கம். அந்தக் கோப்பும் பொதியோடு சேர்ந்தே பயணிக்கிறது. தேடலே தவறானது என்றால் விலக்கு எழுதாமல் லிண்டியன்மேல் வழு பதிய வேண்டும்.

ஓர் அடைவை இடம் மாற்றிய கதை

ஒரு பொதி விதிக்குப் பொருந்துகிறதா என்று நிரல் சொல்லிவிடும். விதியே மாறும்போது, பழைய பொதிகளும் புதிய பொதிகளும் ஒரே கணினியில் எப்படிச் சேர்ந்து வாழும் என்று அது சொல்லாது. 1999இல் டெபியன் இதை நேரில் கண்டது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற பொது வரையறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதன்படி பொதிகளின் ஆவணங்கள் ‘யூஎஸ்ஆர்/டாக்’ என்ற அடைவிலிருந்து ‘யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்’ என்ற அடைவுக்குப் போக வேண்டும். பாலிசி 3.0 அதை ஏற்றுக்கொண்டது. கேட்க எளிய வேலை.

ஆனால் ஆயிரக்கணக்கான பொதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பராமரிப்பாளர்; எல்லாரும் ஒரே வாரத்தில் மாற்றப்போவதில்லை. பாதிப் பொதிகள் மாறி, மீதி மாறாத கணினியில், படிக்க வருகிறவர் எந்த அடைவில் தேடுவார்? விவாதம் முற்றி, கடைசியில் டெபியனின் தொழில்நுட்பக் குழுவிடம் போனது. குழு சொன்ன தீர்வு நிதானமானது: ஆவணங்களைப் புதிய இடத்துக்கு மாற்றுகிற பொதி, பழைய இடத்தில் அங்கே போகும் ஓர் இணைப்பை வைக்க வேண்டும், நீக்கும்போது அதையும் எடுத்துவிட வேண்டும். எல்லாப் பொதிகளும் மாறிய பிறகு, பின்னர் வரும் வெளியீடுகளில் இணைப்புகளையும் கைவிடலாம். 2000இல் ஒரு வெளியீடு, 2002இல் ஒன்று, 2005இல் ஒன்று என்று அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இணைப்புகளைக் கைவிடும் வரை எந்தக் கட்டத்திலும் பயனர் படிக்க வேண்டியதைப் பழைய இடத்திலும் தேடி எடுக்க முடிந்தது.

வாசலில் தடுப்பு

பத்தாண்டுகளுக்கும் மேலாக லிண்டியன் சொல்வதோடு நின்றது. கேட்பதும் விடுவதும் பராமரிப்பாளர் விருப்பம். 2009இல் கிடங்கை நிர்வகிக்கும் குழு ஒரு படி மேலே போனது. லிண்டியன் கண்டுபிடிக்கும் குறைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவை இருந்தால் பொதி தானாகவே திருப்பி அனுப்பப்படும் என்று அறிவித்தது. தேர்ந்தெடுத்ததிலும் இரண்டு பட்டியல்கள். ஒன்றில் இருப்பவற்றைப் பராமரிப்பாளர் விலக்கு எழுதிக் கடக்கலாம். மற்றதில் இருப்பவற்றுக்கு விலக்கே கிடையாது. காப்புரிமைக் கோப்பே இல்லாமல் வருவது போன்றவை திருப்பி அனுப்பப்படும் குறைகளில் அடங்கும். நூற்றுக்கணக்கான குறைகளை அடையாளம் காணத் தெரிந்த நிரலின் சொல்லில், வாசலில் தடுக்கும் உரிமையைச் சிலவற்றுக்கே கொடுத்தார்கள். நிரலால் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறதா, விளைவு கடுமையானதா என்ற இரண்டு கேள்விகளையும் தாண்டுபவை அவ்வளவுதான்.

விதியைக் காக்க வேறு வழிகளும் இதற்குள் வளர்ந்திருந்தன. 1997இல் ஜோயி ஹெஸ் எழுதத் தொடங்கிய டெப்ஹெல்பர், பொதி கட்டும் வழக்கமான வேலைகளைத் தானே செய்து கொடுத்தது. அதைப் பயன்படுத்துகிறவருக்குக் கையேட்டுப் பக்கம் எந்த அடைவுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2005இல் லார்ஸ் விர்ஸேனியஸ் எழுதிய பியூபார்ட்ஸ், லிண்டியன் செய்யாததைச் செய்தது. பொதியை உண்மையிலேயே நிறுவி, மேம்படுத்தி, நீக்கி, அது விட்டுச்சென்ற எச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தது. 2017இல் பாலிசி 4.1.0 இன்னொரு விதியைச் சேர்த்தது: ஒரே மூலத்திலிருந்து, அதே சூழலில் யார் கட்டினாலும் ஒரு பிட்கூட மாறாத பொதி கிடைக்க வேண்டும். அதையும் சில ஆண்டுகள் தன்னார்வலர்கள் பொதி பொதியாகச் செய்து காட்டிய பிறகே நூல் ஏற்றது, அப்போதும் கட்டாயமாக்கவில்லை.

டெபியனின் பொதிகளை அடித்தளமாகக் கொண்டு 2004இல் உபுண்டு வந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன்மேல் கட்டியதுதான். பொதிகளோடு இந்த விதிகளும் அங்கெல்லாம் போயிருக்கின்றன.

ஆனால் வேலை முழுவதும் நிரல்களிடம் போய்விடவில்லை. கிடங்குக்கு முதன்முதலாக வரும் ஒவ்வொரு பொதியும் இன்றும் ஒரு தனி வரிசையில் காத்திருக்கிறது. கிடங்குக் குழுவினர் அதைத் திறந்து, உரிமக் கோப்பில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். அதனால் வரிசை நீள்கிறது, பொறுமையிழந்தவர்களின் முணுமுணுப்பும் கேட்கிறது. கோப்பு இருக்கிறதா என்பதை லிண்டியன் ஒரு நொடியில் சொல்லிவிடும். அதில் எழுதியிருப்பது உண்மையா என்று சொல்ல இன்னும் ஓர் ஆள் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அந்த ஆளும் தன்னார்வலர்தான். படி என்று அவருக்குக் கட்டளையிடவும் யாரும் இல்லை.